2014 மாடல் பெட்ரோல் கார்: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாற்ற வேண்டும், எதை வாங்குவது?

திருமங்கலத்தான்:
வணக்கம். அப்பாவின் கார், 1.2 லிட்டர் பெட்ரோல். சென்னையில் பதிவானது, ஐந்தாண்டுகளுக்கு முன் அங்கிருந்து வாங்கி வந்தோம். 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வாரமாக செக் எஞ்சின் விளக்கு அணையவில்லை. போன ஞாயிறு தேனிக்குப் போகும்போது ஆண்டிபட்டி கணவாயில் இரண்டாவது கியரில்தான் ஏறியது. எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. ஸ்டார்ட் செய்தால் அடியில், தகர டப்பாவில் சரளைக்கல் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம். ஸ்கேனரில் பி0420 என்று வருகிறது, அதாவது புகைக் குழாயில் நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற குறியீடு. புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.9 சதவீதம், சான்றிதழ் தர மறுத்துவிட்டார்கள்.

கம்பெனி அசல் பாகத்துக்கு 41,000 ரூபாய் கேட்கிறார்கள். வெளித் தயாரிப்பு ஒன்று 11,500. ஒரு பட்டறையில், "கன்வெர்ட்டரே வேண்டாம், நேர் பைப் வைத்து வெல்டிங் செய்துவிடுகிறேன். கூலிகூடத் தர வேண்டாம், பழையதை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள்" என்கிறார். அப்பா ஓய்வு பெற்றவர். அம்மாவை மாதம் இரண்டு முறை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக இந்த வண்டிதான் இருக்கிறது. எதைச் செய்வது?

காளவாசல் பட்டறை:
தம்பி, முதலில் அந்தப் பழையதை யாரிடமும் விட்டுவிடாதீர்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. உடைந்திருந்தாலும் உள்ளே மிஞ்சிய துண்டுகளில் அந்த உலோகம் இருக்கும், பழைய இரும்பின் விலையும் அல்ல. கூலி வேண்டாம் என்று அவர் சொன்னதன் காரணம் அதுதான்.

அடுத்து, புதியது வாங்குவதற்கு முன் பழையது ஏன் போனது என்று தெரிய வேண்டும். கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது அபூர்வம். ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் உருகிவிடும். எஞ்சின் ஆயில் குடித்தாலும் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் மேலே படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். சமீபத்தில் வண்டி உதறியதா? ஆயில், கூலன்ட் குறைகிறதா? இதைப் பார்க்காமல் 41,000 ரூபாய்க்கு வாங்கி மாட்டினாலும் ஆறு மாதத்தில் இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

செல்லூர்வாசி:
நேர் பைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் போட்டேன். விளக்கு அணையவே இல்லை. சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை இறக்கினால் என் மகள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். புகைச் சான்றிதழ் கிடைக்காததால் கடைசியில் பைப்பை அறுத்துவிட்டுக் கன்வெர்ட்டரே வாங்கினேன். இரண்டு செலவு. மாசு விதிமீறலுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வேதியியல் ஆசிரியை:
அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வண்டி என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூட்டுப் பீங்கான்தான் அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத பெட்ரோல் ஆவியை நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும், நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் மாற்றுகிறது. 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிய பிறகே அது வேலையைத் தொடங்கும். அதனால் பரிசோதனைக்கு வண்டியைக் குளிர்ந்த நிலையில் கொண்டுபோகாதீர்கள். இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டுப் போங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.), அதாவது வண்டியின் புகைக்கான தரநிலை, எது என்றும் பாருங்கள். பி.எஸ். 4 நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான் என்றாலும், சென்னை உட்பட 13 நகரங்களில் 2010-இலேயே வந்துவிட்டது. உங்களுடையது பி.எஸ். 4 ஆகத்தான் இருக்கும். அதற்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், எரியாத பெட்ரோல் ஆவியான ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். பி.எஸ். 3-க்கு 0.5 சதவீதமும் 750-ம். பழைய வரம்புக்குச் செய்த மலிவான பாகம் உங்களுக்குப் போதாமல் போகலாம்.

திருமங்கலத்தான்:
எல்லோருக்கும் நன்றி. ஆர்.சி.யில் பி.எஸ். 4 என்றுதான் இருக்கிறது. அண்ணன் கேட்டது சரியாகப் போய் விழுந்தது. சென்ற ஆண்டு இரண்டு மாதம் வண்டி உதறிக்கொண்டே ஓடியது. மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மாற்றிய பிறகுதான் நின்றது. விளக்கு மினுக்கியபோதும் "ஓடுகிறதே" என்று நான் விட்டுவிட்டேன். ஆயில், கூலன்ட் குறையவில்லை.

காளவாசல் பட்டறை:
அந்த இரண்டு மாதம்தான் காரணம் தம்பி. விளக்கு மினுக்கினால் கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள், ஓரம் கட்டிவிட வேண்டும். இப்போது நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்து, மூன்றாவது இன்னும் கருப்பாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி வைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது அழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் அடைப்பு உறுதி. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டின் கேஸ்கட்டில் கசிவு இருந்தாலும் பி0420 பொய்யாக வரும், அதையும் பார்க்கட்டும்.

வாங்கும்போது உறையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு முனையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்: தேன்கூட்டுத் துளைகள் ஒரே சீராக, விளிம்பு உடையாமல் இருக்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு எத்தனை அறை என்று கேளுங்கள். 400 என்பது பெட்ரோல் காருக்குச் சாதாரண அளவு. பி.எஸ். 4-க்கு உரியது என்று பில்லில் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். உடைத்த வண்டியிலிருந்து எடுத்தது எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம், அது என்ன பாடுபட்டது என்று யாருக்கும் தெரியாது. மற்றபடி 41,000 கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வண்டியை இன்னும் நான்கைந்து ஆண்டு வைத்திருப்பீர்கள் என்றால், நல்ல வெளித் தயாரிப்பே போதும்.

பொருத்தும்போது கேஸ்கட் புதியதாக இருக்கட்டும். சென்சார் பக்கத்தில் சிலிக்கோன் பசை தடவ விடாதீர்கள், சென்சார் கெட்டுவிடும்.

திருமங்கலத்தான்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அழுத்தம் 8 காட்டியது. மூன்றாவது பிளக் மட்டும் கருத்திருந்ததால் நான்கையும் மாற்றினோம். 11,500 ரூபாய் பாகத்தில் துளைகள் ஒரு ஓரத்தில் நொறுங்கியிருந்தன. கடைக்காரர் வேறொன்று எடுத்துத் தந்தார். அதில் டார்ச் வெளிச்சம் மறுமுனை வரை சீராகப் போனது. பி.எஸ். 4 என்று பில்லிலும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பழையதைக் கழற்றியதும் உள்ளே பார்த்தேன். பாதித் தேன்கூடு வெல்லப்பாகு கொதித்து இறுகியது போல, பளபளவென்று கட்டியாக இருந்தது. மீதி பொடிப்பொடியாகக் கையில் கொட்டியது. உலோகத்தைப் பிரித்தெடுப்பவரிடம் கொடுத்ததில் 3,200 ரூபாய் வந்தது.

வண்டியைச் சூடாக்கிக்கொண்டு போய்ப் பரிசோதித்தோம்: கார்பன் மோனாக்சைடு 0.08, ஹைட்ரோகார்பன் 61. சான்றிதழ் கையில் இருக்கிறது. நேற்று அப்பாவே ஆண்டிபட்டி கணவாயை மூன்றாவது கியரில் ஏற்றினார். மேலே போய் நிறுத்திவிட்டு, பானெட்டில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

காளவாசல் பட்டறை:
மகிழ்ச்சி தம்பி. 1,000 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை ஸ்கேனர் போட்டு, கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரின் வோல்டேஜ் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.