பச்சை லேசர் பாயின்டரில் கோடு மங்கிப் போச்சு: டிரிம்பாட்டைத் திருகலாமா?

முட்டம்_காத்து
பேனா வகை, 532 நானோமீட்டர், லேபிளில் 5 மில்லிவாட், ரெண்டு டிரிபிள் ஏ செல். பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டத்தான். சித்திரையில் கடற்கரையில் நூல் பிடிச்ச மாதிரி கோடு தெரிஞ்சது. இப்போ ஐப்பசி மழை விட்ட ராத்திரியில் பாதிகூட இல்லை. போர்டில் சின்ன டிரிம்பாட் (திருகிக் கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கிற மின்தடை) இருக்கு. திருகினா கூடுமா?

சர்க்யூட்_அண்ணாச்சி
ஸ்குரூடிரைவரைக் கீழ வைங்க. முதல்ல காத்தைப் பாருங்க. கண்ணில் படுற கோடு, காத்தில் மிதக்கிற உப்புத்துளியும் தூசியும் சிதறடிக்கிற வெளிச்சம். மழை அதையெல்லாம் கழுவி விட்டால் நல்ல லேசரும் மங்கலாத்தான் தெரியும். நிலாவும் தெருவிளக்கும் வேற இருக்கு. கண் இருட்டுக்குப் பழக 20 நிமிஷம் ஆகும், நடுவில் செல்போனைப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து.

லேசர்தான் குறைஞ்சுதான்னு தெரிய, ஒரு ஒற்றை சோலார் செல் துண்டில் ரெண்டு ஒயரைப் பற்றவைச்சு மல்டிமீட்டரை 20 மில்லிஆம்பியரில் வைங்க. அறையை இருட்டாக்கி, புள்ளி முழுசும் செல்லுக்குள்ள விழணும். 5 மில்லிவாட்டுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிஆம்பியர் வரும். தோட்ட விளக்குப் பேனலை அப்படியே எடுத்தால் ஏமாந்திருவீங்க: அதில் பல துண்டு தொடரா இருக்கும், ஒண்ணில் மட்டும் வெளிச்சம் பட்டால் கரன்ட் ஓடாது.

அளவு குறைஞ்சிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஸ்பிரிங்தான். நம்ம உப்புக்காத்துக்கு ஆறே மாசத்தில் பச்சை பிடிக்கும். லேசர் 250 மில்லிஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க, இணைப்பில் அரை ஓம் இருந்தால் 0.12 வோல்ட் அங்கேயே போச்சு. ஸ்பிரிங், மூடியின் மறை, செல் முனை மூணையும் அழிரப்பரால் தேய்ச்சு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைங்க. ரீசார்ஜ் செல் போடாதீங்க, ரெண்டும் சேர்ந்து 2.4 வோல்ட்தான், பல டிரைவருக்கு (டயோடுக்குக் கரன்ட் கொடுக்கிற சர்க்யூட்டுக்கு) அது போதாது.

முட்டம்_காத்து
ஸ்பிரிங் பச்சையாத்தான் இருக்கு! தேய்ச்சதும் 0.7-லிருந்து 1.2. இருந்தாலும் கொஞ்சம் திருகினால் என்ன ஆகும்?

ஏழாம்பிறை
உள்ளே 808 நானோமீட்டர் டயோடு ஒரு வனடேட் படிகத்தைத் தூண்டும், அதில் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு பிறக்கும், கேடிபி படிகம் அதைப் பாதியாக்கி 532 பச்சை தரும். கரன்ட்டைக் கூட்டினால் டயோடு சூடாகி, அதன் அலைநீளம் டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் வீதம் நகரும். வனடேட் உறிஞ்சுற அளவை விட்டு விலகும். அதனால் ஒரு எல்லைக்கு மேல் திருகத் திருகப் பச்சை குறையும். இன்னும் கூட்டினால் டயோடின் முகம் கருகி, மங்கின எல்இடி மாதிரி மினுங்கிட்டுக் கிடக்கும்.

பவர் ரெண்டு மடங்கானாலும் கண்ணுக்குக் கால்வாசிதான் கூடுதலாத் தோணும். அந்தக் கால்வாசிக்காக லேபிளில் போட்ட 5 மில்லிவாட் எல்லையைத் தாண்டணுமா?

அகச்சிவப்பையும் மறக்காதீங்க. விலை குறைஞ்ச பேனாவில் அதைத் தடுக்கிற வடிகட்டிக் கண்ணாடியையே விட்டிருப்பாங்க. 10 மில்லிவாட்னு விற்ற ஒரு பாயின்டரில் பச்சை மங்கலா இருந்தும் அகச்சிவப்பு 20 மில்லிவாட் அளவுக்கு வந்ததை அமெரிக்க அளவியல் நிறுவனம் 2010-இல் பதிவு செய்தது. சோலார் செல் அதையும் சேர்த்துத்தான் காட்டும். சோதிக்க: பழைய சிடியில் அடிச்சு, சிதறுற புள்ளிகளை வெள்ளைத்தாளில் விழவைச்சு, செல்போனின் முன்கேமராவில் தாளை மட்டும் பாருங்க. நேர்க் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் புள்ளி கேமராவில் தெரிந்தால் கசிவு. சிடியின் எதிரொளிப்புக்குக் கண்ணைக் கொடுக்காதீங்க.

சர்க்யூட்_அண்ணாச்சி
பிள்ளைகளை உங்க தோளை ஒட்டி நிப்பாட்டுங்க. துளிகள் வெளிச்சத்தைப் பெரும்பாலும் முன்பக்கமாவும் கொஞ்சம் பின்பக்கமாவும்தான் தள்ளும், அதோட கோட்டு வாக்கில் பார்த்தால் நீளம் முழுக்க ஒண்ணாச் சேர்ந்து தெரியும். பத்து மீட்டர் விலகி நிற்கிறவருக்கு அதே கோடு சோகையாத் தெரியும். 15 விநாடி அடிச்சு அரை நிமிஷம் ஆறவிடுங்க.

முட்டம்_காத்து
துருவ நட்சத்திரத்தைக் காட்டலாம்தானே?

ஏழாம்பிறை
நம்ம கன்னியாகுமரிப் பக்கத்தில் அது அடிவானத்திலிருந்து 8 டிகிரிதான். அந்தக் கோணத்தில் அடிச்சால் தென்னைக்கும் மொட்டைமாடிக்கும் நடுவேதான் கோடு போகும், எவராவது கண்ணில் வாங்குவாங்க. ஐப்பசி ராத்திரியில் வடக்கே 38 டிகிரி வரைக்கும் ஏறுற காசியோப்பியாவில் லேசரை நிறுத்திட்டு, அங்கிருந்து கீழே துருவத்தை விரலால் காட்டுங்க. விமான விளக்கு மினுங்கினால் அது போய் மறையுற வரைக்கும் பொத்தானில் விரலே வைக்காதீங்க.