உதவி: காலமை கீச்சொலி, ஐடிலில் கிர்ர் சத்தம். பெல்ட்டா, பேரிங்கா?

கேள்வி (ஒட்டுசுட்டான்)
கொரோலா 121, 1என்இசட் எஞ்சின். காலமை ஸ்டார்ட் பண்ணினவுடனே கீச்செண்டு கத்தி, கொஞ்சத்தால நிண்டிடும். ஏசி போட்டால் திரும்ப ஒருக்கா கத்தும். அதோட ஐடிலில் (கார் நிக்கேக்க எஞ்சின் சும்மா ஓடேக்க) "கிர்ர்" எண்டு மெல்லிய உரசல், அது நிக்கிறதேயில்லை. அல்டர்னேட்டர் (பற்றரியை ஏத்திறது), ஏசி, வோட்டர் பம்பைச் சுத்திற பெல்ட் போன வருசம் போட்டது. கடையில பெல்ட் ஸ்பிரே அடிக்கச் சொல்லுகினம். அடிக்கலாமோ?

பதில் (கிளிநொச்சி)
ஸ்பிரே வேண்டாம் அண்ணை. அந்தப் பிசுபிசுப்பில உங்கட றோட்டுச் செம்புழுதி முழுக்க ஒட்டி, பெல்ட்டின்ர வரிகளைத்தான் (உள்பக்கத்தில நீளவாக்கில உள்ள மேடுகள்) தின்னும். மண்ணெண்ணெய், பெற்றோலால துடைக்கவும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

நீங்கள் சொல்லுறது ரெண்டு வேற சத்தம். கீச்சை முதல் பாருங்கோ. எஞ்சின் ஐடிலில் ஓடேக்க, பெல்ட்டின்ர வரியுள்ள பக்கத்தில கொஞ்சம் தண்ணி தெளியுங்கோ. கை, சேட்டுக் கை, சால்வை ஒண்டும் கிட்டப் போகக்கூடாது. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குது. உடனே அடங்கி, காய்ஞ்ச பிறகு திரும்ப வந்தால் புல்லிகள் (பெல்ட் ஓடுற சில்லுகள்) ஒரே நேரில இல்லை.

என்ர கணிப்பு வழுக்கல்தான். ஸ்டார்ட் பண்ணினதும் இறங்கின பற்றரியை ஏத்த அல்டர்னேட்டருக்குப் பாரம் கூட. ஏசி போட்டால் கொம்பிரசருக்குப் பாரம். ரெண்டு நேரத்திலயும்தான் கத்துது. புதுப் பெல்ட் ஓடத் தொடங்கினதும் கொஞ்சம் இளகும். திரும்ப இறுக்காமல் விடுறவைதான் கனபேர்.

பதில் (வவுனியா)
கிர்ர் சத்தத்துக்குப் பெல்ட்டைக் கழட்டிப்போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ. அரை நிமிசத்துக்கு மேல வேண்டாம், வோட்டர் பம்ப் சுத்தாது. பற்றரி லைட் எரியும், பயப்பிடாதேங்கோ. சத்தம் இல்லாட்டி, எஞ்சினை நிப்பாட்டி ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்துங்கோ. கரகரப்பு இருந்தால் பேரிங். முன்னுக்குப் பின் ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது. வோட்டர் பம்பில ஆட்டமோ, அதின்ர அடியில உள்ள கசிவுத் துளையில கூலன்ட் (எஞ்சினைக் குளிராக்கிற திரவம்) காய்ஞ்ச கறையோ இருந்தால் பம்பையே மாத்தவேணும். அந்தக் கசிவு பெல்ட்டில பட்டாலும் வழுக்கும்.

வெடிப்பைப் பார்த்துப் பெல்ட்டை எடை போடாதேங்கோ. இப்பத்தைய ஈபிடிஎம் ரப்பர் லேசில வெடிக்காது, வரிதான் தேயும். பள்ளம் ஆழம் குறைஞ்சு பெல்ட் புல்லியின்ர அடியில முட்டினால், எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது.

கேள்வி கேட்டவர்
தண்ணி தெளிச்சால் கீச்சு கூடுது. பெல்ட் இல்லாமல் கிர்ர் இல்லை. அல்டர்னேட்டர் புல்லி சுத்தேக்க கரகரக்குது. வோட்டர் பம்ப், கொம்பிரசர் ரெண்டும் மெத்தெண்டு சுத்துது, கசிவுமில்லை. முழு அல்டர்னேட்டரும் மாத்தவேணுமோ?

பதில் (வவுனியா)
சார்ஜ் ஒழுங்காய் இருந்தால் பேரிங் மட்டும் போதும். முன், பின் ரெண்டையும் ஒண்டாய் மாத்துங்கோ. திறக்கேக்க அல்டர்னேட்டருக்குள்ள இருக்கிற கரிப் பிரஷ்ஷையும் பாருங்கோ. பழைய பேரிங்கின்ர ஓரத்தில உள்ள நம்பரைக் காட்டி வாங்குங்கோ. இசட்இசட் எண்டால் தகர மூடி, 2ஆர்எஸ் எண்டால் ரப்பர் சீல். முன்பக்கத்துக்குப் புழுதிக்கு ரப்பர் சீல்தான் நல்லம். கழட்ட முதல் பற்றரியின்ர நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கோ.

பதில் (கிளிநொச்சி)
பெல்ட் தேய்ஞ்சிருந்தால் முதுகில உள்ள நம்பரோட புதுசு எடுங்கோ. உதாரணத்துக்கு 6பிகே1200 எண்டால் ஆறு வரி, 1200 மில்லிமீற்றர் நீளம். போட முதல் புல்லிப் பள்ளங்களில இறுகின மண்ணை நைலோன் பிரஷ்ஷால எடுங்கோ.

இறுக்க, அல்டர்னேட்டரின்ர ரெண்டு போல்ட்டையும் தளர்த்தி நெம்புங்கோ. நெம்புகோல் அலுமினிய உடம்பில முட்டினால் வெடிக்கும், தடிச்ச பிரக்கெட்டில வைச்சு நெம்பவேணும். அளவு உங்கட மனுவலில இருக்கும். இல்லாட்டி, நீளமான இடைவெளியின்ர நடுவில பெருவிரலால பலமாய் அமத்த 8–10 மில்லிமீற்றர் இறங்கினால் கிட்டத்தட்டச் சரி. கூட இறுக்கினால் புதுப் பேரிங்கும் வோட்டர் பம்பும்தான் சாகும்.

பிறகு ஒரு நேர்க்கம்பியைப் புல்லி முகங்களில வைச்சுப் பாருங்கோ. 30 சென்ரிமீற்றருக்கு 1.5 மில்லிமீற்றருக்கு மேல விலகக்கூடாது. ஏசி போட்டு 10 நிமிசம் ஓடவிட்டு, ஆறினதும் திரும்ப அமத்திப் பார்த்து, இளகியிருந்தால் இறுக்குங்கோ.