சாளைக்குத் தடைக்காலம் மட்டும் போதுமா, பிடிக்கிற அளவுக்கும் உச்சவரம்பு வேண்டுமா?

தேங்காப்பட்டணம் கரைக்காரன்:
கேரளத்துல சாளை (மத்தி) மீன் பிடிச்ச கணக்கைப் பாருங்க. 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021-ல் 3,297 டன். கொச்சியில இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சொன்ன கணக்கு இது. நூறு கூடை வந்த இடத்துல ஒரு கூடை முழுசா வரல. அப்புறம் 2023-ல் 1.38 லட்சம் டன், 2024-ல் 1.49 லட்சம் டன்னு மறுபடி ஏறியிருக்கு. ஏறினதுல எனக்கும் சந்தோஷம்தான். அதைக் காப்பாத்த நம்ம கையில என்ன இருக்கு? விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் ஒண்ணுதான். நம்ம மேற்குக் கரையில ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளம் தன் எல்லைக்குள்ள ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை, 52 நாள்.

இந்தத் தடை, விசைப்படகு கடலடியில இழுத்து வாருற இழுவைமடிக்காக வந்தது. ஆனா சாளையை அள்ளுறது இழுவைமடி இல்ல, மீன் கூட்டத்தைச் சுத்தி வளைக்கிற ரிங் வலை. அந்த வலை போடுற வள்ளங்களுக்குக் கேரளத்துல மழைக்காலத் தடை கிடையாது. சாளை சினைப்படுறதோ ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும். அதாவது எந்த மீனைக் காப்பாத்தணுமோ, அது முட்டை போடுற நேரத்துல அதைப் பிடிக்கிற வலை கடல்லதான் கிடக்கு.

என் கோரிக்கை நேரானது. வருஷத்துக்கு மொத்தம் இத்தனை டன் சாளைதான்னு சீசனுக்கு முன்னாடியே அறிவிக்கணும். அதை வள்ளத்துக்கு வள்ளம் பிரிச்சுக் கொடுக்கணும். இதைத்தான் கோட்டான்னு சொல்றாங்க. பெரு நாட்டுல நெத்தோலி (நெத்திலி) மீனுக்கு 2009-லேர்ந்து இப்படித்தான் நடக்குது.

வள்ளத்துப் பணிக்காரன்:
அண்ணே, நானும் நம்ம ஊருதான். கொச்சிப் பக்கம் இன்போர்டு வள்ளத்துல (உள்ளயே எஞ்சின் வச்ச பெரிய வள்ளம்) பங்குக்குப் போறேன். ஒரு வள்ளத்துல முப்பது பேருக்கு மேல ஏறுறோம். மழைக்காலம்தான் எங்களுக்குச் சோறு. விசைப்படகு இல்லாத கடல், தண்ணி கலங்கி மீன் மேல வர்ற நேரம், நல்ல விலை, மூணும் ஒண்ணா வர்றது அப்போ மட்டும்தான். அந்த ரெண்டு மாசத்தையும் பூட்டிட்டா மீதி பத்து மாசத்துல எங்க மீன்பாட்டை விசைப்படகு விட்டு வைக்குமா?

இன்னொண்ணு கேக்கிறேன். 2021-ல் சாளை இல்லாம போனது நாங்க வாரினதாலன்னா, 2023-ல் எங்கேர்ந்து வந்தது? நடுவுல நாங்க வலையை மடிச்சு வீட்டுல வச்சிருந்தோமா? அதே வள்ளம், அதே வலை. 2015-லயும் 2016-லயும் எல் நினோ வந்து கடல் சூடாச்சு, சாளை போச்சு. இதைச் சொன்னதும் நீங்க சொல்ற அதே ஆராய்ச்சி நிலையம்தான். கடல் செஞ்சதுக்குக் கடல்ல போறவன் வயித்துல அடிக்காதீங்க.

முட்டம் விசை:
ரெண்டு பேரும் விசைப்படகை வில்லனாக்கிட்டுப் பேசுறீங்க. தடைக்காலத்துல படகைக் கட்டிப் போடுறது நாங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயே சின்னமுட்டம் படகு கிழக்குக் கரைக் கணக்குல ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரை நிக்குது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் ஜூன் 1-ல நிக்குது. ஒரே மாவட்டம், ரெண்டு காலண்டர். நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபா. படகுக்கடன் வட்டி அந்த ரெண்டு மாசமும் நிக்காது. தடை வேணும்னா எல்லா வலைக்கும் வேணும், இல்லாட்டி யாருக்கும் வேண்டாம்.

கடல்கணக்கு:
மீன்வளம் படித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். பணிக்கார அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அதே வலை இருக்கும்போது மீன் எப்படித் திரும்பி வந்தது?

சாளை இரண்டு, இரண்டரை வருஷம்தான் வாழும். ஒரு வயது ஆகும் முன்பே சினைப்படும். தென்மேற்குப் பருவமழையில் அடித்தண்ணீர் மேலே வந்து, அதில் நுண்பாசி பெருகினால் குஞ்சுகள் பிழைக்கும். மழை பிசகினால், தண்ணீர் சூடானால், அந்த வருஷத்துக் குஞ்சு மொத்தமும் போகும். ஆகவே ஏற்றமும் இறக்கமும் இந்த மீனின் இயல்பிலேயே உண்டு. நல்ல மழை ஒன்று வந்தால், மிச்சமிருக்கும் தாய்மீன் பெருகிவிடும்.

அந்த ‘மிச்சம்’தான் நம் கையில் இருப்பது. மழையை நாம் தீர்மானிக்க முடியாது. கெட்ட வருஷத்தில் எவ்வளவு தாய்மீனைக் கடலில் விட்டுவைக்கிறோம் என்பதைத் தீர்மானிக்க முடியும். 2021-ல் 3,297 டன் வரை இறங்கிய பிறகும் வலை நிற்கவில்லை. அடுத்தடுத்த மழை கைகொடுத்ததால் தப்பினோம். இன்னும் இரண்டு மழை பொய்த்திருந்தால்?

பெருவும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1970-ல் ஏறக்குறைய 1.2 கோடி டன் நெத்திலி பிடித்தார்கள். 1972-ல் எல் நினோ வந்தபோதும் பிடிப்பது தொடர்ந்தது. 1973-ல் 20 லட்சம் டன்கூடத் தேறவில்லை. கடல் சூடானது ஒரு பாதி. சூடான கடலில் மிஞ்சியதையும் வாரியது மறுபாதி.

வள்ளத்துப் பணிக்காரன்:
தங்கச்சி, நீங்க சொல்ற மறுபாதியை ஒத்துக்கிட்டாலும் கோட்டா எப்படி நடக்கும்? பெருவுல மீன் எங்கே இறங்குது? ஆலைக்குன்னு இருக்கிற துறைகள்ல. இறக்குற இடத்துலயே எடைமேடை, பக்கத்துலயே கண்காணிப்பு ஆளு. நம்ம கரை அப்படியா? துறைமுகத்துல இறங்குது, மணல்ல இறங்குது, மீன் சுமக்குற கேரியர் படகுல மாத்தி வேற ஊருக்குப் போகுது. ஏலம் எடைக்கு நடக்கிற இடமும் உண்டு, குத்துமதிப்பா பெட்டிக்கணக்குல நடக்கிற இடமும் உண்டு. வாயால சொல்ற கணக்கை வச்சுக் கோட்டா போட்டா, பொய் சொல்றவன் பிழைப்பான், உண்மையைச் சொல்றவன் கரையில உக்காருவான்.

அப்புறம் கோட்டாவை விக்கலாம், வாங்கலாம்னு ஒரு நாள் வரும். முப்பது பேரு பங்கு போட்டு வாங்கின வள்ளத்தோட கோட்டா ஒரு முதலாளி கைக்குப் போகும். நாங்க அவர்கிட்ட கூலிக்கு நிப்போம்.

தேங்காப்பட்டணம் கரைக்காரன்:
விக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதலாமே தம்பி. எடைமேடை இல்லன்னா எடைமேடை கேப்போம். இல்லாததைக் காட்டி மீனை விட்டுக்கொடுக்கறதா?

முட்டம் விசை:
கோட்டா வச்சிருந்த கனடாவே கவுந்துச்சு. நியூஃபவுண்ட்லாந்து காட் மீன். அறிஞர்கள் கணக்குப் போட்டு, அரசு அளவு சொல்லி, அதும்படி பிடிச்சாங்க. 1992 ஜூலை 2-ல மொத்தமா மூடினாங்க. சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு. தற்காலிகம்னு சொல்லி மூடினது. தடையை எடுத்தது 2024-ல, அதுவும் 18,000 டன்னுக்கு. காகிதத்துல கோட்டா இருந்தா மீன் வந்துடாது.

கடல்கணக்கு:
அண்ணாச்சி, அந்தக் கதையை முழுசாகப் பாருங்கள். கடலில் இருக்கும் மீனைக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். பெரிய இழுவைப்படகுகளுக்கு மீன் கிடைத்துக்கொண்டே இருந்ததால் மீன் இருக்கிறது என்று நம்பினார்கள். கரையோரச் சிறு படகுக்காரர்கள் மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று முன்கூட்டியே சொன்னதை மதிக்கவில்லை. பிழை தெரிந்த பிறகும் அளவைக் குறைக்க அரசு தயங்கியது. அங்கே வரம்பு இருந்தது, ஆனால் அது மீனுக்குப் பொருந்தாத வரம்பு. காட் மெதுவாக வளரும் மீன், முப்பது வருஷம் ஆகியும் முழுசாகத் தேறவில்லை. சாளை வேகமாகத் தேறும். அதனால்தான் இங்கே நம்பிக்கையோடு பேசுகிறேன்.

கோட்டா இன்றைக்கே சாத்தியமில்லை என்றால், ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். கேரளம் 2015-ல் 14 வகை மீனுக்குக் குறைந்தபட்ச நீளம் வைத்தது. 2017-ல் அது 58 வகை ஆனது. சாளைக்கு 10 சென்டிமீட்டர். சாளை சினைப்படுவது சுமார் 15 சென்டிமீட்டரில். அதாவது சட்டப்படி பிடிக்கும் சாளையிலும் நிறைய ஒரு முறைகூட முட்டை போடாதது. இருந்தும் அந்தப் பத்து சென்டிமீட்டர் விதியைக்கூடக் காக்க முடியவில்லை. கிளிமீனுக்கு இதே நீள விதியை வைத்த பிறகு வரத்து கூடியதாக ஆராய்ச்சி நிலையம் சொல்லியிருக்கிறது. விதி நடந்தால் பலன் உண்டு.

சந்தைக்குப் போறவ:
எல்லாரும் டன்னுல பேசுறீங்க, நான் கூடைல பேசுறேன். 2024 ஜூன், ஜூலையில சாளை கிலோ 300 ரூபாய்க்கும் மேல போச்சு. வாங்க வந்தவங்க விலை கேட்டுட்டுத் திரும்பிப் போனாங்க. அதே வருஷக் கடைசியில பொடிச்சாளை வந்து குவிஞ்சுது, கிலோ இருபது முப்பதுக்குக்கூடக் கேக்க ஆளில்ல. விரல் நீளம் இருக்கும். தலையைக் கிள்ளிக் குடலை எடுத்தா கையில முள்ளுதான் மிஞ்சும். வீட்டுல சமைக்கிறவ யாரும் அதை வாங்க மாட்டா. ஐஸ் போட்டு வச்சாலும் மத்தியானத்துக்குள்ள வயிறு வெடிச்சுரும்.

அந்த மீனு எங்கே போச்சுன்னு பாத்தேன். லாரில. மீன்தூள் ஆலைக்கு. மங்களூரு, உடுப்பிப் பக்கம் ஆலைங்க எடுக்குது, நம்ம பக்கமும் எடுக்குது. கோழிக்கும் இறாலுக்கும் தீனி. அதே மீனு நாலஞ்சு மாசம் கடல்ல கிடந்திருந்தா எங்க கூடைக்கு வந்திருக்கும், நூறு ரூபாய்க்கு ஏழைபாழை தின்னிருக்கும். இதை யாரு கணக்குல எழுதுவீங்க?

வள்ளத்துப் பணிக்காரன்:
அக்கா சொல்றது சரி. பொடிச்சாளையில எங்களுக்கும் ஒண்ணும் மிஞ்சல. டீசல் காசு, வலைக்காசு போனா பங்குக்கு நூறு ரூபா விழுந்த நாளும் உண்டு. ஆனா வலையை வளைச்சு இழுக்கிற வரைக்கும் உள்ள என்ன அளவு மீனு கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? இழுத்துப் பாத்துப் பொடின்னு தெரிஞ்சா திறந்து விடலாம்தான், உயிரோட இருந்தா போகும். நாங்க விட்டா பக்கத்து வள்ளம் வளைக்கும். அதை ஆலைக்காரன் வாங்குவான். அவன் வாங்குற வரைக்கும் யாரு விடுவா?

விசைப்படகும் இதுல சேத்திதான் அண்ணாச்சி. இழுவைமடியில வர்ற கழிவுமீனுலயும் நிறைய குஞ்சு. அதுவும் அதே லாரிலதான் ஏறுது.

கடல்கணக்கு:
இதுதான் நான் சொல்ல வந்த இடம். மீன் செத்துத் துறைக்கு வந்த பிறகு அதிகாரி அளந்து அபராதம் போட்டால் வள்ளத்துக்கு நஷ்டம், மீனுக்கு லாபம் இல்லை. ஆயிரக்கணக்கான வலைகளைத் துரத்துவதைவிட, எண்ணிவிடக்கூடிய ஆலைகளின் வாசலில் நிற்பது எளிது. பத்து சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள சாளையை ஆலை வாங்கினால் உரிமம் போகும் என்று இருக்கட்டும். வாங்க ஆள் இல்லாத மீனை யாரும் டீசல் செலவழித்துப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் கேரளம் மட்டும் செய்தால் போதாது. கர்நாடகமும் தமிழ்நாடும் ஒரே விதி வைக்க வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலச் சட்டம், சாளைக்கோ மாநிலம் கிடையாது.

பெருவில் பிடிபடும் மீனில் குஞ்சு கூடினால் அந்தப் பகுதியைச் சில நாள் மூடுகிறார்கள். 2023-ல் குஞ்சு அதிகம் என்று வடக்கு, நடுக் கடலில் முதல் சீசனையே ரத்து செய்தார்கள்.

முட்டம் விசை:
அந்தச் சீசன்ல அங்க கடலுக்குப் போற ஆளு என்ன சாப்பிட்டான்னு யாராவது எழுதினாங்களா? மூடுறது சுலபம். மூடின அன்னிக்கே கையில பணம் வரணும். தடைக்கால நிவாரணமே மாசக்கணக்குல இழுத்து வர்ற ஊர் இது.

தேங்காப்பட்டணம் கரைக்காரன்:
நிவாரணம் முதல்லயே கொடுக்கணும்கிறதுல எனக்கும் மாத்துக்கருத்து இல்ல. ஆலை வாசல்ல அளவு பாக்கிறதையும் ஏத்துக்கிறேன். ஆனா அதோட நிறுத்திக்க மாட்டேன். பெரிய மீனையும் அளவில்லாம வாரினா தாய்மீன் மிஞ்சாது. முழுக் கோட்டா பிறகு வரட்டும். இப்போதைக்கு ஜூன், ஜூலை ரெண்டு மாசத்துக்கு மட்டும், சினைச்சாளை வர்ற நேரத்துல, வள்ளத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு பாடு, அதாவது ஒரு தடவைதான் வலை வளைக்கணும். அதுக்கு மேல வளைக்கக் கூடாது. தம்பி, இதுக்காவது சம்மதமா?

சந்தைக்குப் போறவ:
ஒரு பாடுன்னா எங்களுக்கும் நல்லது. மீனு மொத்தமா வந்து விழாது, விலை நிக்கும்.

வள்ளத்துப் பணிக்காரன்:
ஒரு பாடுங்கிறது ஒரு நாள் 2 டன், இன்னொரு நாள் 15 டன். 15 டன் வளைச்சவன் ஒரு பாடுதான்னு வீட்டுக்குப் போவான், 2 டன் வளைச்சவனும் அதே ஒரு பாடோட டீசல் கடன்ல வீட்டுக்குப் போவான். பாட்டுக்கணக்கு வேண்டாம், எடை சொல்லுங்க. முப்பது பேரு ஏறுற வள்ளத்துக்கு எத்தனை டன், பத்து பேரு ஏறுற வள்ளத்துக்கு எத்தனை டன்னு பிரிச்சுச் சொல்லுங்க. எடை போடுறது ஏலக்காரரா, சங்கமா, மீன்வளத்துறையா? அதையும் எழுதுங்க. எழுதினா எங்க வள்ளத்துல பங்குக்காரங்ககிட்ட நானே வாசிச்சுக் காட்டறேன்.