லேன்யார்டில் மிஞ்சித் தொங்கும் கயிற்றை எவ்வாறு கையாள்வது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். கவாத்துப் பணிக்காக மரமேறும்போது, 13 மில்லிமீட்டர் தடிமனும் 5 மீட்டர் நீளமும் கொண்ட லேன்யார்டைப் (மரத்தைச் சுற்றி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பிடிமானக் கயிறு) பயன்படுத்துகிறேன். அதன் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும், கையால் நகர்த்தக்கூடியதும் எடை விழுந்தால் இறுகிப் பிடிப்பதுமான புரூசிக் முடிச்சு உள்ளது. 1 மீட்டர் விட்டமுள்ள அடிமரத்தைச் சுற்றவே 3 மீட்டருக்கு மேல் கயிறு தேவைப்படுவதால்தான் இந்த நீளத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால், மேலே 20 சென்டிமீட்டர் கிளைகளுக்கு இடையே சென்றதும், ஏறத்தாழ 3 மீட்டர் கயிறு காலுக்குக் கீழே தொங்கிக் கவைகளில் சிக்கிக்கொள்கிறது. அதன் நுனியை ஹார்னஸின் (உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) பின்புற வளையத்தில் காரபினரால் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) மாட்டிவிடலாமா?

மறுமொழி 1:
அவ்வாறு மாட்ட வேண்டாம், நண்பரே. நுனியை மேலே மாட்டினால் கயிறு ஒரு பெரிய வளைவாகத் தொங்கும். தனித்துத் தொங்கும் நுனி சிக்கினாலும் உருவிக்கொண்டு வந்துவிடும், ஆனால் வளைவு சிக்கினால் வராது. நான் அறுத்த கிளை ஒன்று விழும்போது அந்த வளைவைக் கொக்கிபோல் பற்றி, என்னை இடுப்போடு கீழ்நோக்கி இழுத்தது. கிளை சிறியதாக இருந்ததால் தப்பினேன். கட்டாயம் மாட்டத்தான் வேண்டுமெனில், சிறிது இழுத்தாலே அறுந்துவிடும் மெல்லிய ரப்பர் வளையத்தில் மாட்டுங்கள்.

நான் இப்போது ஹார்னஸின் பின்பக்கவாட்டில் வாய் அகன்ற சிறு பை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். கயிற்றைச் சுருளாகச் சுற்றி வைத்தால் எடுக்கும்போது சிக்கலாகும். எனவே நுனியை முதலில் அடியில் போட்டு, மீதியைக் கைப்பிடி கைப்பிடியாக அதன்மேல் திணிக்க வேண்டும். அப்போதுதான், லேன்யார்டை நீட்டும்போது முடிச்சுக்கு அருகிலுள்ள கயிறு முதலில் தடையின்றி வெளிவரும்.

மறுமொழி 2:
பை நல்ல வழிதான். ஒரே இடத்தில் நெடுநேரம் நின்று வேலை செய்வதாக இருந்தால் சங்கிலிப் பின்னலும் (கயிற்றைக் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துச் சுருக்குவது) உதவும். பின்னலை நுனியிலிருந்து தொடங்கிப் புரூசிக் முடிச்சை நோக்கிக் கொண்டுவந்து, கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால், கயிறு தேவைப்படும்போது முடிச்சின் பக்கமிருந்து இழுத்தாலே அது ஒவ்வொரு கண்ணியாக அவிழும். அடிக்கடி இடம் மாறுவோருக்கு இது ஒத்துவராது.

எந்த முறையைக் கையாண்டாலும், நுனியிலுள்ள தடுப்பு முடிச்சை ஒருபோதும் அவிழ்க்காதீர்கள். அது இல்லையெனில் புரூசிக் முடிச்சு கயிற்றிலிருந்தே கழன்றுவிடக்கூடும். மிச்சக் கயிறு இடைஞ்சலாக இருக்கிறது என்பதற்காக, அறுக்கும் நேரத்தில் லேன்யார்டையே கழற்றி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மரத்தின்மேல் செயின்சாவை (சங்கிலி ரம்பம்) இயக்குபவருக்கு ஏறுகயிற்றோடு இரண்டாவது பிடிமானமும் வேண்டும் என்று அமெரிக்காவின் இசட்133 பாதுகாப்புத் தரவிதி கூறுவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். செயின்சாவை முடுக்குவதற்கு முன், கயிற்றின் நுனி எங்கே கிடக்கிறது என்று கண்ணால் பார்த்து, வெட்டும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் தள்ளிவிடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. காரபினரால் மாட்டும் எண்ணத்தைக் கைவிட்டேன். அடிமரத்துக்கு இந்த 5 மீட்டர் கயிற்றையே வைத்துக்கொண்டு, மேலே பயன்படுத்த 3 மீட்டரில் இன்னொரு லேன்யார்டு வாங்கினால், மிஞ்சுவதே குறைந்துவிடும் அல்லவா?

மறுமொழி 1:
ஆம், குறையும். குட்டையான லேன்யார்டையும் ஏறும்போதே ஹார்னஸில் மாட்டிக்கொள்ளுங்கள். மேலே மாற்றும்போது, புதியதைக் கிளையில் சுற்றிப் பூட்டி, உடல் எடையை அதில் சாய்த்துச் சோதித்த பிறகே பழையதைக் கழற்றுங்கள்.