கணப்பை ஒட்டிய மரத்தரை கருக்கிறது: விறகு எரிப்பதைத் தொடரலாமா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறோம். கூடத்தில் குளிர்காய விறகு எரிக்கும் செங்கல் கணப்பு உள்ளது. அதன் வாய் 36 அங்குல அகலமும் 28 அங்குல உயரமும் கொண்டது. வாய்க்கு முன்னே ஓடு பதித்த தளம் 16 அங்குலமும், பக்கங்களில் 8 அங்குலமும் நீண்டிருக்கிறது. அதற்கப்பால் ஓக் மரத்தரை தொடங்குகிறது. அண்மையில் ஓட்டுத் தளத்தை ஒட்டிய முதல் பலகையின் விளிம்பு கருத்து, இடையிலிருந்த சாந்தும் விரிசல் விட்டிருக்கிறது. தீப்பொறி தாங்கும் விரிப்பைப் போட்டால் போதுமா?

பதில் 1:
போதாது. விரிப்பு தெறிக்கும் பொறியைத் தடுக்கும். ஓட்டின் வழியே இறங்கும் சூட்டைத் தடுக்காது. முதலில் அளவைப் பாருங்கள். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதிகளின்படி, கணப்பு வாயின் பரப்பு 6 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால்தான் முன்னே 16, பக்கங்களில் 8 அங்குலம் போதுமானது. உங்கள் கணப்பின் வாய் சரியாக 7 சதுர அடி. எனவே எரியாத தளம் முன்னே 20 அங்குலமும் இருபுறமும் 12 அங்குலமும் இருக்க வேண்டும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அந்தக் கருமை. ஆண்டுக்கணக்காகச் சூடு பட்டுக்கொண்டே இருக்கும் மரம் மெல்லக் கரியாகி, புதிய மரம் தீப்பிடிக்கும் வெப்பநிலையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே புகையத் தொடங்கக்கூடும். நிலவறைக்குச் சென்று, கணப்புத் தளத்தின் அடிப்புறம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. தளத்துக்கு அடியில், விட்டங்களுக்கு நடுவே பலகைகள் அடித்திருக்கின்றன. கணப்பு வாய்க்கு நேர்கீழே உள்ள பலகை நன்றாகக் கருத்திருக்கிறது.

பதில் 2:
தயவுசெய்து இன்றிலிருந்தே விறகு எரிப்பதை நிறுத்துங்கள். தளத்துக்குக் காரை (கான்கிரீட்) வார்த்தபோது தாங்குவதற்கு அடித்த முட்டுப்பலகைகளாகவே அவை இருக்க வேண்டும். காரை இறுகியதும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. ஆனாலும் பழைய வீடுகள் பலவற்றில் அப்படியே விட்டுப்போயிருக்கிறார்கள். காரையில் ஒரு விரிசல் விழுந்தால் கங்கின் சூடு நேரே பலகைக்கு இறங்கிவிடும். கூடத்தில் எந்த அறிகுறியும் தெரியாமல் அடியில் மணிக்கணக்கில் புகைந்து, வீட்டார் உறங்கும் நேரத்தில் தீயாக வெடிக்கும் ஆபத்து இதில்தான் இருக்கிறது.

சான்றிதழ் பெற்ற புகைபோக்கிப் பணியாளரை அழைத்து, இரண்டாம் நிலைப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். வீடு கைமாறும்போது செய்ய வேண்டிய பரிசோதனையும் அதுவே. புகைபோக்கியின் உட்புறத்தைக் கேமராவால் பார்ப்பதோடு, நிலவறைப் பக்கத்தையும் ஆராய்வார்கள். பழுதுபார்க்கும்போது பலகைகளை அகற்றி, மரத்தரையைத் தேவையான தூரத்துக்கு வெட்டியெடுத்து, குறைந்தது 2 அங்குலக் கனத்தில் காரை அல்லது கல்லால் தளத்தை நீட்ட வேண்டும். ஒட்டுப்பலகையின் (பிளைவுட்) மேல் ஓடு ஒட்டிக்கொடுக்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். ஓடு எரியாது, அடியிலுள்ள பலகை எரியும்.

கணப்பில் மீந்திருக்கும் சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே மண்தரையில் வையுங்கள், மரத் திண்ணையில் வேண்டாம். சாம்பலுக்குள் புதைந்த கங்கு நாள்கணக்கில் அணையாமல் இருக்கும்.