அப்பாவின் வால்வு செட்டும் சீரிஸ் பல்பும்

வால்வு செட் வைத்திருக்கும் மூன்று பேரின் அனுபவங்கள், அவரவர் ஊர்ப் பெயரோடு.

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அப்பா மைக் செட் தொழில் செய்தவர். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் வீட்டில் ஒரு ஹாரன்கூட மிஞ்சாது. அவர் போன பிறகு, இரண்டு ஈ.எல்.34 வால்வு (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) போட்ட அந்த ஆம்ப்ளிஃபையர் பதினெட்டு வருடம் பரணில் கிடந்தது. போன மாதம் இறக்கித் தூசி தட்டி, நேராக பிளக்கில் செருகப் போனேன். நல்ல வேளை, அப்பாவிடம் தொழில் பழகிய மெக்கானிக் அண்ணன் பக்கத்தில் இருந்தார். "தம்பி, கையை எடு. முதல்ல அடியைத் திறந்து பார்க்கணும்" என்றார்.

திறந்தால், பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி. ஏதோ திருவிழா ராத்திரி அவசரத்தில் கட்டியிருப்பார்கள். சரியான பியூஸ் போட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை செட்டுக்குப் போகும் லைனில் சீரிஸாகக் கோத்து கரண்ட் கொடுத்தார். செட் நன்றாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். எங்களுடையது முழு வெளிச்சத்தில் அப்படியே நின்றது. கரண்டைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் ஷார்ட்! நான் செருகியிருந்தால் அந்தக் கம்பி உருகியிருக்காது, மெயின் டிரான்ஸ்பார்மர்தான் கருகியிருக்கும்.

கப்ளிங் கண்டென்சர்களையும் மாற்றினோம். முன் வால்வின் பிளேட்டில் (சிக்னல் வெளியே வரும் தகடு) இருக்கும் டி.சி. (நேர் மின்சாரம்) அடுத்த வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் உள்ளே போகும் கம்பிவலை) போகாமல் தடுப்பவை அவைதான். கொஞ்சம் கசிந்தாலும் கிரிட்டின் மைனஸ் வோல்டேஜ் குறைந்து ஈ.எல்.34-இன் பிளேட் செக்கச்செவேலென்று சிவந்துவிடும். வால்வு போச்சு என்று புதிது வாங்கிப் போடுவார்கள், அதுவும் சிவக்கும். எங்கள் வால்வுகள் இரண்டும் அப்பா போட்டவையே, இன்றும் பாடுகின்றன.

ஸ்விட்ச் போட்டு அரை நிமிடம் ஒன்றுமில்லை. வால்வு சூடேறியதும் ஹாரனில் மெல்லிய இரைச்சல். 'ம்ம்ம்' என்ற கரண்ட் உறுமல் துளியும் இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்றுவிட்டார்.

ஏற்காடு

இங்கே எதிரி ஈரம். என் செட் மழைக்காலத்தில் கரகரவென்று இரைய, ஈ.சி.சி.83 வால்வை இரண்டு தடவை மாற்றினேன். கோளாறு வால்வில் இல்லை, சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்து, தளர்ந்த பின்களை ஊசியால் இறுக்கினேன், சரியாயிற்று. ஆனால் அந்த வேலையில் ஒரு அடி வாங்கினேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

அம்மாபேட்டை, சேலம்

ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு வால்யூம் ஏற்றாதீர்கள். என் மச்சான் அப்படிச் செய்து வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே போய்விட்டது. திரும்பச் சுற்றக் கொடுத்தோம். சுற்று எண்ணிக்கை சரியாகவே இருந்தது, ஆனால் சத்தம் மந்தம். பிரைமரியையும் (வால்வு பக்கச் சுற்று) செகண்டரியையும் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) மாற்றி மாற்றி அடுக்கிச் சுற்ற வேண்டுமாம். இரண்டாவது முறை அப்படிச் சுற்றிய பிறகுதான் நாதஸ்வரம் நாதஸ்வரமாகக் கேட்டது.