வாரத்தில் 5 நாள் பர்கர், பீட்சா. எப்படிக் குறைப்பது?

இரண்டாமாண்டு: விடுதியில் தங்கிப் படிக்கிறேன். காலையில் வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் எதுவும் சாப்பிடுவதில்லை, மாலை ஆய்வகம் முடிந்து வெளியே வரும்போது பசி கண்ணை மறைக்கிறது, கூட வருகிறவர்களும் பர்கர் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் இரவு 11 மணிக்கு மறுபடி பசிக்கிறது. ஏன் இப்படி?

சோம்பல்_சமையல்காரன்: மன உறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 20 பேருக்கு 2 வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு (ஆலையில் பல பொருட்களைச் சேர்த்துத் தயாராகி வருவது), 2 வாரம் சாதாரண உணவு, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் கிட்டத்தட்ட சமம்தான், ஆனாலும் பதப்படுத்திய உணவின்போது ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்லும் வேலையே இல்லையே!

தூக்கம்_வருது: பர்கரை விடுங்கள், கூட வாங்கும் கோலாவைப் பாருங்கள். 330 மி.லி. கேனில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை. நான் அதை மட்டும் நிறுத்தினேன், நண்பர்களோடு போவதை நிறுத்தவில்லை (அதையும் விட்டால் பேச ஆள் கிடைக்காது).

பழைய_மாணவி: காலையில் பட்டினி கிடந்தால் மாலையில் எந்த யோசனையும் வேலை செய்யாது. பையில் 2 வாழைப்பழமும் கொஞ்சம் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டு, ஆய்வகத்துக்கு முன்னால் சாப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாமாண்டு: சரி, நாளைக்கு வாழைப்பழத்தில் ஆரம்பிக்கிறேன். கோலாவை விடுவதுதான் கஷ்டம்.